ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முரளிக்கு

அன்புள்ள முரளி,

ரிமோட்டில் ஓட்டும் உன் மாதிரி விமானம் தயார், ஞாயிறு காலை பறக்க விடப்போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மற்ற சேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மேலே போன பிறகு சரிசெய்ய முடிகிற கோளாறுகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சனிக்கிழமை ராத்திரி மேஜையிலேயே தீர்ந்துவிட வேண்டும்.

முதலில் சி.ஜி., அதாவது விமானத்தின் எடை சமநிலையில் நிற்கும் ஈர்ப்பு மையம். உன் இறக்கையின் அகலம், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 செ.மீ. என்று எழுதியிருந்தாய். முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வை. பேட்டரியைப் பொருத்தி, அந்தப் புள்ளிகளில் இரு விரல் நுனியால் தாங்கிப் பார். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவே விடாதே. மூக்கைத் தூக்கிக்கொண்டு, எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலுக்கு) அடங்காமல், வேகமிழந்து விழும். மூக்கில் எடைக்கு ஈயம் ஒட்ட அவசரம் வேண்டாம், பேட்டரியை முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நகர்த்திய இடத்தில் வெல்க்ரோவோடு ஒரு பட்டையும் போட்டு இறுக்கு.

அடுத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு விமானத்துக்குப் பின்னால் நில். முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும். ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் சாய்வுக்கு இருக்கும் மடல்) மேலே, இடது கீழே. உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ஐலரான் தலைகீழாக இருந்தால் திருத்த நினைத்து நீ தள்ளும் ஒவ்வொரு தள்ளும் விமானத்தை இன்னும் சாய்க்கும். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் பார்த்துவிடு. ரிமோட்டில் மடல்களின் அசைவை 70 சதவீதமாகக் குறைத்து, எக்ஸ்போ (குச்சி நடுவில் இருக்கும்போது அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 வை. புரொப்பெல்லரைத் திரும்ப மாட்டும்போது எழுத்து அச்சடித்த முகம் முன்னால் இருக்கட்டும்.

பறக்கவிடும் இடம் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா) என்று பார்த்துக்கொள். காலை ஏழு மணிக்கெல்லாம் மைதானத்தில் இரு. வெயில் ஏறினால் காற்று தூக்கிப் போடும்.

விமானத்தைக் கையால் எறிந்து கிளப்புவதற்கு வேறொருவர் இருக்கட்டும், உன் இரு கையும் ரிமோட்டில் இருக்க வேண்டும். முக்கால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) வைத்து, காற்றுக்கு எதிரே, தரைக்கு இணையாக எறியச் சொல். மேல்நோக்கி எறிந்தால் வேகம் பிடிப்பதற்குள் ஒரு இறக்கை சரிந்து விழும். மோட்டாரின் எதிர்விசையால் முதல் இரண்டு நொடி இடப்பக்கம் சாயும். கொஞ்சம் வலப்பக்கம் கொடு, போதும். 150 அடி ஏறும்வரை டிரிம்மை (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கச் செய்யும் சிறு பொத்தான்களை) தொடாதே. அங்கே பாதி த்ராட்டிலில் விட்டு, ஒவ்வொரு கிளிக்காக வை.

திரும்பும்போது பயத்தில் அதிகம் சாய்த்து, எலிவேட்டரையும் இழுத்துப் பிடிப்போம். அப்போதுதான் உள்பக்க இறக்கை சட்டென்று விழும். 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதே. உன்னை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும்.

நாலு நிமிஷத்துக்கு டைமர் வைத்து இறக்கிவிடு. காற்றுக்கு எதிரே நேராக வா, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, தரைக்கு ஒரு அடி இருக்கும்போது மட்டும் மெல்ல இழு.

இறங்கியதும் பேட்டரியை அளந்து, செல்லுக்கு எத்தனை வோல்ட் மிச்சம் என்று எழுது. 3.8-க்குக் கீழே போயிருந்தால் அடுத்த தடவை டைமரைக் குறைக்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்