நிழற்படத்தைக் கொண்டு ஓவியத்தை எடைபோட வேண்டாம்: கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் எண்ணெய் வண்ணத்தில் அசையாப் பொருள்களை வரைபவன். ஓவியர்களிடையே ‘ஸ்டில் லைஃப்’ என்றே வழங்கும் இவ்வகை ஓவியங்களை ஆண்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, சில முறை தேர்வாகியும் பல முறை திருப்பப்பட்டும் பழகியவன். திருப்பப்பட்ட வருத்தத்தில் இதை எழுதவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆயினும் என் குறை முடிவைப் பற்றியதன்று. கைப்பேசித் திரை அளவுக்குச் சுருங்கிய ஒரு நிழற்படத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஓவியத்தையே பார்த்துவிட்டதாக எண்ணித் தீர்ப்பெழுதும் வழக்கத்தைப் பற்றியது.

சென்ற முறை நான் ஒரு கண்காட்சிக்கு அனுப்பியது, மடிப்புகள் கலையாத வெள்ளைத் துணியின்மேல் வைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணமும் இரண்டு முட்டைகளும் கொண்ட ஓவியம். அதில் குழாயிலிருந்து பிதுக்கியபடியே பூசிய தூய வெள்ளை, கிண்ணத்தின் விளிம்பில் ஒளி தெறிக்கும் ஒரேயோர் இடத்தில்தான் இருக்கிறது. மற்ற வெள்ளைகள் எல்லாம் மஞ்சள் காவியும் நீலமும் சிறிது கருப்பும் கலந்து, ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாட்டில் பிரித்தெடுத்தவை. முட்டையின் அடிப்புறத்துக்குத் துணியிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தை அமைப்பதற்கே நான்கு நாட்கள் பிடித்தன. கேமராவோ தன் முன் நிற்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதியே ஒளியை அளக்கும் கருவி. ஆகவே படம் அழுக்குச் சாம்பலாக வந்தது. அதைத் திருத்தி வெளுப்பாக்கினால் கிண்ணமும் துணியும் ஒன்றாகிக் காணாமற்போயின. “தட்டையாக உள்ளது, ஒளி நிழல் போதவில்லை” என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. நிழற்படத்தைப் பொறுத்தவரை அக்குறிப்பு சரியானதே என்பதுதான் வேடிக்கை.

எண்ணெய் வண்ணம் என்பது மேற்பரப்பு மட்டுமன்று. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகி, ஒளியைத் தன்னுள் விடும் படலமாகிறது. இதை அறிந்துதான் நெடுங்கால மரபில் நிழல்களை மெல்லியதாகவும் ஊடுருவும்படியும், வெளிச்சப் பகுதிகளைத் தடிப்பாகவும் ஒளிபுகாதபடியும் பூசிவந்தார்கள். நிழலுக்குள் புகுந்த ஒளி அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருவதால் அந்த இருட்டுக்கு ஆழம் கிடைக்கிறது. தடித்த வெள்ளையோ மேட்டிலேயே ஒளியைப் பிடித்துத் திருப்பிவிடுகிறது. இரு கண்களோடு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து பார்ப்பவருக்கே இந்த ஏற்றத்தாழ்வு தெரியும். ஒற்றை லென்ஸ் அசையாமல் நின்று எடுக்கும் படத்தில் நிழல் வெறும் கருப்பாகிறது, அல்லது பளபளப்பு விழுந்து வெளிறிப் போகிறது.

1763ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைப் பற்றி எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதெரோ, அசையாப் பொருள்களை வரைந்த ஓவியர் ஷார்தனின் படைப்புகளை நெருங்கிச் சென்றால் எல்லாம் குழம்பி மறைவதையும், விலகி நின்றால் எல்லாம் மீண்டும் உருக்கொள்வதையும் வியந்து குறிப்பிட்டார். நெருங்கவும் விலகவும் கால்கள் வேண்டும். விரலால் திரையைப் பெரிதாக்குவது அதற்கு ஈடாகாது. மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள, பெண் ஓவியர் கிளாரா பீட்டர்ஸின் 1611ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், பொன்முலாம் பூசிய கோப்பையின் புடைப்புகளில் அவருடைய உருவமே மிகச் சிறிதாகப் பலமுறை பிரதிபலிக்கிறது. இன்றைய விண்ணப்பப் படிவத்தின் வழியாக அது வந்திருந்தால் உங்களுக்குச் சில மங்கிய புள்ளிகளே தெரிந்திருக்கும்.

“நிழற்படம் போலவே இருக்கிறது” என்று பாராட்டாகவும் குற்றச்சாட்டாகவும் நீங்கள் எழுதும் தொடரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓவியத்தை நிழற்படமாக்கிப் பார்த்தால் அது நிழற்படம் போல் இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இன்றைய யதார்த்த ஓவியம் ஒரே வழியில் பிறப்பதுமில்லை. ஸ்பானிய ஓவியர் அந்தோனியோ லோபெஸ் கார்சியா 1990இல் ஒரு சீமை மாதுளை மரத்தின் முன் நின்று, பழமும் இலையும் நாளுக்கு நாள் தாழ்வதை அளக்க அவற்றின்மேலேயே வெள்ளைக் குறிகள் இட்டு வரைந்தார். ஒளியும் பருவமும் ஒத்துழையாததால் எண்ணெய் ஓவியத்தைப் பாதியில் நிறுத்தினார். அமெரிக்க ஓவியர் வில்லியம் பெய்லியோ குவளைகளையும் முட்டைகளையும் எதிரில் வைக்காமல் நினைவிலிருந்தே வரைந்தார். சிலி நாட்டு ஓவியர் கிளௌதியோ பிராவோ காகிதத்தில் சுற்றிக் கயிற்றால் கட்டிய பொட்டலங்களையே ஓவியத்தின் முழுப் பொருளாக்கினார். இம்மூவரையும் ‘அப்படியே நகலெடுப்பவர்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிட முடியுமா?

அசையாப் பொருள் வெறும் மாணவர் பயிற்சி என்ற எண்ணமும் சில குறிப்புகளில் தலைகாட்டுகிறது. பிரெஞ்சு அரச கலைக்கழகத்தின் சார்பில் 1667இல் அந்திரே ஃபெலிபியன் என்ற எழுத்தாளர் வகுத்த ஓவிய வகைகளின் தரவரிசையில் இவ்வகை அடியில் வைக்கப்பட்டது. ஆனால் அதே கழகம் 1728இல் ஷார்தனை உறுப்பினராக ஏற்றபோது அதற்குக் காரணமாக இருந்தவை திருக்கை மீன் தொங்கும் ஓவியமும் பழங்கள் அடுக்கிய மேசை ஓவியமும்தாம். பழைய வழக்கு, அதற்குமேல் அதைக் கிளற விருப்பமில்லை.

நான் கேட்பது பெரிதன்று. நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும்போது முதற்சுற்றை நிழற்படத்தால் நடத்துவது தவிர்க்க முடியாததுதான். ஆனால் இறுதிச் சுற்றுக்கேனும் மூல ஓவியங்களை வரவழைத்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். தொலைவு காரணமாக அதுவும் இயலாதெனில், முழுப் படத்துடன் பக்கவாட்டு ஒளியில் எடுத்த இரண்டு நெருக்கப் படங்களையும், நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டையை ஓரத்தில் வைத்தெடுத்த ஒரு படத்தையும் கேளுங்கள். ஓவியத்தின் அளவை விண்ணப்பத்தின் மூலையில் அல்லாமல் படத்தின் அருகிலேயே காட்டுங்கள்; உள்ளங்கை அகல ஓவியமும் ஆளுயர ஓவியமும் திரையில் ஒரே அளவாகத் தெரிவது இருவருக்கும் அநீதி.

வார்னிஷ் என்னும் பாதுகாப்பு மேற்பூச்சு பூசாத ஓவியங்களை ‘முடிவுறாதவை’ என்று ஒதுக்குவதையும் கைவிட வேண்டுகிறேன். வழக்கமான இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது இத்தொழிலின் பழைய ஒழுங்கு. அதற்குள் அம்பர் போன்ற மண் நிறங்கள் எண்ணெயை இழந்து மங்கித் தெரிவது இயல்பே. அது ஓவியரின் கவனக்குறைவன்று. தேர்வானவற்றைத் தொங்கவிடும்போது, நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கான குறியீடு (CRI) நூற்றுக்கு 90க்குக் குறையாத விளக்குகளை, பளபளப்பு பார்ப்பவர் கண்ணில் விழாத கோணத்தில் அமைத்தால் பாதிப் பணி முடிந்துவிடும்.

வெள்ளைக் கிண்ண ஓவியத்தை உங்கள் அடுத்த அழைப்புக்கும் அனுப்ப இருக்கிறேன், பழைய நிழற்படத்துடனேயே. மூலத்தைக் கொண்டுவரச் சொன்னால் நானே சுமந்து வந்து, நீங்கள் சொல்லும் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
அசையாப் பொருள்களை வரையும் ஓவியர் ஒருவர்