செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் ஹாம் எனப்படும் தன்னார்வ வானொலிச் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைத் தங்கள் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. உரிமத் தேர்வு எழுதுவோருக்கான மோர்ஸ் வகுப்பும் கல்லூரி மாணவர்களுக்கான செயல்விளக்கமும் குறைவின்றி நடந்தேறின.

இவ்வாண்டின் முதன்மையான பணி, சங்கக் கட்டடத்தில் நாம் நிறுவிய எஸ்டிஆர், அதாவது மென்பொருள்வழி வானொலி அலைகளைப் பெறும் வாங்கி நிலையம். ராஸ்பெர்ரி பை 4 எனும் ஒற்றைப் பலகைக் கணினி, அதன் யுஎஸ்பி துளையில் செருகிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் எனும் சிறு வாங்கி, மொட்டை மாடிக் கம்பத்தில் இரு கைகள் கொண்ட வி வடிவ டைபோல் ஆன்டெனா ஆகியவையே அதன் அடிப்படைக் கருவிகள். "கையில் ரேடியோ இருக்கும்போது இது எதற்கு?" என்று செயற்குழுவில் எழுந்த கேள்விக்கு விரிவாகப் பதிலளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். கைக்கருவியில் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைத்தான் கேட்க முடியும். இந்த டாங்கிளோ 24 முதல் ஏறத்தாழ 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வைத்தாலும் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் எண்களாக்கித் தருவதால், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள, இரண்டு மீட்டர் பேண்டு எனப்படும் நம் அலைவரிசைப் பகுதி முழுவதையும் ஒரே திரையில் பார்க்கலாம். அந்த எண்களை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 38 மெகாபிட் தேவைப்படும். நம் இணைய இணைப்பு அதைத் தாங்காது. ஆகவே ஓபன்வெப்ஆர்எக்ஸ் மென்பொருளை நிறுவி, கணக்கீட்டையெல்லாம் அந்தச் சிறு பலகையிலேயே முடித்து, ஒலியையும் அலைகளைக் காட்டும் திரைப்படத்தையும் மட்டும் உறுப்பினர்களின் கைபேசிக்கு அனுப்புகிறோம்.

பவர் அடாப்டருக்குத் தனியாகச் செலவு செய்ததையும் சிலர் குறையாகச் சொன்னார்கள். சாதாரண செல்போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலி விட்டுவிட்டு வரும். பலகையிலுள்ள கணினிச் சில்லின் வெப்பம் 80 டிகிரியை எட்டினாலும் இதே நிலைதான் என்பதால், பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியருகே வைக்காமல் மாடிப்படி அறையின் நிழலில் வைத்தோம். எட்டு பிட் நுட்பமே கொண்ட இந்த டாங்கிளை உள்ளூர் எஃப்எம் ஒலிபரப்பு எளிதில் திணறடித்துவிடும் என்பதால் வடிகட்டியும் அவசியமாயிற்று.

நோவா 15, 18, 19 ஆகிய வானிலைச் செயற்கைக்கோள்கள் 2025இல் ஓய்வு பெற்றதால் நம் ஆன்டெனா வீணாகிவிட்டதென்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. கை ஒன்றுக்குச் சுமார் 53 செ.மீ. நீளமுள்ள அதே ஆன்டெனாவில், அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பெறுகிறோம். வங்கக்கடல் மேகத்திரள் வரிவரியாகத் திரையில் உருவாவதைக் காண மாணவர்கள் மாலையில் காத்திருக்கிறார்கள்.

ஆன்டெனா ஏற்றிய ஞாயிற்றுக்கிழமையன்று வருவதாக வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. கேபிளை இழுத்து, இணைப்புகளில் மழைநீர் இறங்காதபடி டேப் சுற்றி முடித்தவர்கள், இன்னும் உரிமம்கூடப் பெறாத மாணவர்கள். இன்று வீட்டிலிருந்தே இந்நிலையத்தை அன்றாடம் கேட்கும் மூத்த உறுப்பினர்கள் சிலரின் சந்தா, இரண்டாண்டுக்கு மேலாக நிலுவையில் உள்ளது. நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதிலும் இல்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவைவிடச் செலவு சற்றே மிகுந்துள்ளது. நிலுவை வசூலானால் அது நேராகிவிடும்.

இடமளித்த கட்டட உரிமையாளருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் நிலைத்தகவலைப் பெற இரண்டாவது டாங்கிள் வாங்க எண்ணியுள்ளோம். அதற்கு முன் பேட்டரி வாங்கியாக வேண்டும். பலகை தரவை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெட்டு நிலையமே நின்றுவிடும். புயல் நாட்களில், நிலையம் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது நேரக்கூடும். இப்பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமே; பேட்டரிக்கு வழியில்லாவிடில் நிலையத்தை மழைக்காலம் முழுவதும் நிறுத்திவைக்க நேரும். கூட்டம் முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயில் மேசையில் இருப்பார்.

செயலாளர்