நம் நகர்த் திடல் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் நகரின் ஓஎஸ்ஆர் நிலத்தில், அதாவது மனை பிரிக்கும்போது திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலத்தில், நடந்துவந்த திடல் பணி முடிந்துவிட்டது. கூத்துக்களம், கேரம் கொட்டகை, கழிப்பறை, எட்டு வடிவ நடைபாதை எல்லாம் இப்போது பயன்பாட்டில் உள்ளன.

இந்த நிலம் யாருடையது என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். சென்னைப் பெருநகர விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் திடலும் அப்படி வந்ததுதான். ஆகவே இது பொதுநிலம். நம் குடியிருப்போர் சங்கத்துக்குப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும்தான். 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைக்கச் சொன்னவர்களுக்கு இதுவே குழுவின் பதில். ஏரிக்கரைத் தெருப் பிள்ளைகள் பந்து விளையாட வந்தால் வரட்டும்.

பணம் 'நமக்கு நாமே' திட்டத்தின் கீழ் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் திரட்டிக் கட்டினோம், மீதியை அரசு கொடுத்தது. தணிக்கை செய்த கணக்கும் ரசீதுகளும் சங்க அறையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அதிக விவாதம் மேடையைப் பற்றித்தான். முதலில் வந்த வரைபடத்தில் கல்யாண மண்டபத்தில் இருப்பதுபோல உயரமான மேடை, பின்சுவர், இரண்டு பக்கமும் அறை என்று இருந்தது. ஆண்டு விழாவுக்கு அது போதும். ஆனால் நம் நகரில் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கணிசம். தெருக்கூத்துக்கு உயர மேடை ஆகாது என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். கூத்தில் சனம் மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும்; ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளக்காரர்கள் பின்னால் பெஞ்சில் இருப்பார்கள்; சலங்கை கட்டியவர் தரையில் சுற்றிச் சுழன்று ஆட வேண்டும். அவர்கள் சொன்னதே சரி என்று குழு முடிவெடுத்தது. மேடைக்குப் பதிலாகத் திமிசு போட்டு இறுக்கிய செம்மண் களமும், மூன்று பக்கம் உட்காரப் படிக்கட்டும் வந்தது அப்படித்தான். பரதநாட்டிய வகுப்புக்கு மண்தரை தோதுப்படாது என்ற குறை நியாயமானதே. அதற்காகக் கேரம் கொட்டகையை ஒட்டி வழவழப்பில்லாத கல்தளம் போட்டிருக்கிறோம்.

களத்தில் மண்ணுக்குப் பதில் பேவர் பிளாக் என்ற சிமெண்டுக் கல் போட்டால் பராமரிப்பு குறையும் என்று ஒப்பந்தக்காரர் கடைசிவரை வாதாடினார். சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் களம் சேறாகும் என்பது உண்மை. சுற்றிலும் வடிகால் வெட்டி மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். அந்த மாதங்களில் எப்படியும் கூத்து நடப்பது அபூர்வம்.

களத்தைவிட அதிகம் செலவானது கழிப்பறைக்கு. இதைக் குறையாகப் பேசியவர்கள் உண்டு. கழிப்பறையும் விளக்கும் இல்லாத திடலுக்கு மாலையில் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் 'திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு' என்று ஒரு நிலத்துக்கு நிறம் தீட்டிவிடலாம். அங்கே யார் வந்து எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பதைத் தண்ணீர்க் குழாயும் நிழலும்தான் முடிவு செய்கின்றன. அதனால்தான் மற்ற வேலைகளுக்கு முன் கழிப்பறையை முடித்தோம். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையை 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்ற கணக்கில் போட்டோம். முதலில் போட்டது செங்குத்தாக இருந்ததால் இடித்துத் திரும்பக் கட்ட வைத்தோம். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் சத்தம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர வரம்பு 55 டெசிபல். விடிய விடிய நடக்கும் கூத்தை இங்கே நடத்த முடியாது என்பதில் குழுவுக்கும் வருத்தம்தான். மாலை 6 மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்குள் முடிகிற மாதிரி ஒரு கதைப்பகுதியை எடுத்து ஆடுவதாகக் கூத்துக் குழுவினர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பறை பழகும் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை. தேர்வுக் காலத்தில் மட்டும் இதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள், அதே நாட்களில் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் ஒலிபெருக்கி வைக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

நடைபாதை பற்றிப் புகார் இல்லை. கேரம் பலகைகள் இரண்டையும் உறுப்பினர்கள் நன்கொடையாகத் தந்தார்கள், நன்றி.

முடியாமல் நிற்பவை: வடக்குப் பக்கம் நட்ட புங்கன் கன்றுகளில் பட்டுப்போனவற்றுக்குப் பதில் புதிது வைக்க வேண்டும், கழிப்பறையைத் தினமும் சுத்தம் செய்ய நிரந்தர ஏற்பாடு இன்னும் ஆகவில்லை. மதியம் 12 முதல் 3 வரை வாயிலைப் பூட்டலாமா என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கருத்து. அந்த நேரத்தில் நிழலில் ஒதுங்குபவர்கள் உணவு டெலிவரிப் பிள்ளைகளும் தூய்மைப் பணியாளர்களும்தான் என்பதால் பூட்ட வேண்டாம் என்பது பெரும்பான்மை. அடுத்த பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை வாயில் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
திடல் பணிக்குழு