ஏத்தமா, எறக்கமா?

ஏற்காடு
13 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. இங்கே சாயங்காலம் பனி இறங்கினால் கரண்ட்டும் கூடவே போய்விடுகிறது. இன்றைக்குத்தான் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கிறது.

சர்வதேச வளர்ச்சி படிக்கிறேன் என்று இங்கிலாந்துக்குப் போனவள், களப்பணிக்கு ஏற்காட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று நீ சிரித்தது கடிதத்திலேயே கேட்டது. அம்மாவும் விடுவதாக இல்லை. "அஸ்தம்பட்டியில பஸ் ஏறினா கோரிமேடு, அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, முடிஞ்சுது. இதுக்கு எதுக்குடி ப்ளேன்ல சுத்திட்டு வந்தே?"

நான் கேட்டது ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி. என்னைச் சேர்த்துக்கொள்ள இருந்த திட்டம் அமெரிக்கப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் அந்தப் பணம் நின்றது, என் இடமும் போனது. இந்த மாதம் ஒண்ணாந்தேதியோடு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டையே மூடிவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோது என் கைடுதான் கேட்டார், உன் ஊர்ப் பக்கம் மலை ஏதும் இல்லையா என்று. சொந்த ஊரையே ஆராய்வது ஒன்றும் புதிதில்லையாம். 1916-லேயே சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றான இருவேல்பட்டுக்கு இன்றைக்கு வரைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் போய்ப் போய் விசாரிக்கிறார்கள். இவ்வளவும் சொன்ன அதே கைடு, இங்கே மலையாளிகள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் கேரளத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார் என்பது வேறு கதை. இவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ்ப் பழங்குடிகள் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

நாகலூர் தாண்டி ஒரு கிராமம். பேரை எழுத மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் உனக்கும் சொல்ல முடியாது. வேலை இதுதான்: தண்ணீர், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று வீடு வீடாகக் கேட்டு, கோபோ டூல்பாக்ஸ் என்கிற செயலியில் ஏற்ற வேண்டும்.

முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். பாட்டி ஒருத்தி திண்ணையில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியிலும் முழங்கை வரைக்கும் எண்ணெய். பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவம் நாலு பக்கம். நானே ராத்திரி முழிச்சுத் தமிழில் போட்டது. 'தங்கள் தரவுகள் குறியாக்கம் செய்யப்பட்டுப் பாதுகாக்கப்படும்' என்று வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினேன். "கையெல்லாம் எண்ணெய் கண்ணு" என்றாள். காத்திருந்தேன். சுளை எடுத்து, கொட்டையைத் தனியாக ஒதுக்கி, சடையைக் கழித்து, கை கழுவி வந்து உட்கார்ந்தாள். மறுபடி பேனாவை நீட்டினேன். "எங்க மாமனார் ஒரே ஒரு தடவ கைநாட்டு வெச்சாரு" என்று எதிர்மேட்டைக் காட்டினாள். அங்கே முள்கம்பி வேலி ஓடுகிறது. பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே கைடுக்கு எழுதி, வாய்ச்சொல் ஒப்புதலே போதும் என்று அனுமதி வாங்கினேன்.

கையெழுத்துதான் போடவில்லை, பேச்சுக்குக் குறைவில்லை.

"ரேஷன் கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் பாட்டி?"

"ஏத்தத்துக்கா, எறக்கத்துக்கா?"

"சும்மா, போறதுக்கு."

"போறது எறக்கம். வெறுங்கை. அரை மணியில போயிருவேன். வர்றது இருவது கிலோ அரிசியோட. அதுக்கு எங்கிட்ட மணிக்கணக்கு இல்ல கண்ணு. எத்தன எடத்துல எறக்கி வெச்சேன்னு வேணா சொல்றேன். அஞ்சு எடம். மழ பேஞ்சா ஏழு."

செயலியில் ஒரே ஒரு கட்டம்தான், அதிலும் எண் மட்டும்தான் போட முடியும். 30 என்று போட்டுவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் கேள்வியையே மாற்றினேன்: சுமையோடு வரும்போது எத்தனை இடத்தில் இறக்கி வைப்பீர்கள்? ஒருத்தரும் யோசிக்கவே இல்லை, பட்டென்று பதில் வந்தது. அந்த இடங்களுக்கெல்லாம் பேர்கூட வைத்திருக்கிறார்கள்: வளைஞ்ச பலா, ரெட்டைப் பாறை, குழாய் மேடு. நம் ஊர்ச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தவர்களும் இப்படித்தான் தூரத்தை அளந்திருப்பார்கள் போல.

வகுப்பில் ராபர்ட் சேம்பர்ஸ் என்று ஒருவரை விழுந்து விழுந்து படிக்கிறோம். 1970-களில் நம் வட ஆற்காட்டிலேயே வேலை செய்தவர். வெளியாள் தார் ரோட்டை ஒட்டியே ஊரைப் பார்க்கிறான், போக்குவரத்துக்குச் சுலபமான வறண்ட மாதங்களில்தான் வருகிறான், அதனால் மழைக்காலக் கஷ்டம் அவன் கண்ணில் படுவதே இல்லை என்பார். பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். இங்கே வந்த பிறகுதான் என் காலண்டரே கோளாறு என்று புரிந்தது. ஆய்வேட்டை செப்டம்பரில் கொடுக்க வேண்டும் என்பதால் ஜூன், ஜூலையில் வந்து நிற்கிறேன். காப்பிப் பழம் பறிப்பதோ டிசம்பர், ஜனவரியில். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இருநூறு வருஷமாகக் காப்பி விளையும் மலையில், ஒரு பழம்கூடச் சிவக்காத மாதத்தில் கூலி பற்றி விசாரிக்கிறேன்.

காலேஜில் டூர் வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்கையெல்லாம் பார்த்து உன் வீடு எது, என் வீடு எது என்று சண்டை போட்டோம். பின்னால் திரும்பி ஒரு தடவையாவது பார்த்தோமா?

சரி, உன் தம்பி விஷயம். அவனும் என்னைப் போல இங்கிலாந்துக்குப் படிக்கப் போகலாமா என்று கேட்டிருந்தாயே. பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு; நடுவில் மூச்சு விட நேரமில்லை. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருஷம் ஊரில் இருந்தாக வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகைக்கும் போட்டுப் பார்க்கட்டும். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதித் தரும் கன்சல்டன்சி பக்கம் மட்டும் போக வேண்டாம். நான் நாற்பதாயிரம் கட்டி வாங்கிய கட்டுரையில் 'மீனவக் கிராமத்தில் கடலலைகளின் ஓசையில் வளர்ந்தேன்' என்று இருந்தது. சேலத்துக்காரிக்கு!

வேலை கிடைக்குமா என்று கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன், நேரம் மோசம். அமெரிக்கா கதைதான் தெரியுமே. பிரிட்டனும் தேச வருமானத்தில் 0.5 சதவீதமாக இருக்கும் வெளிநாட்டு உதவியை 2027-க்குள் 0.3 ஆக்கப் போகிறது. என் வகுப்பில் பாதிப்பேர் முழிக்கிறோம். கடன் வாங்கிப் போகாதே என்று சொல். முழு உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும். இன்டர்ன்ஷிப் உண்டு என்று போட்டிருந்தால் சம்பளம் உண்டா, யார் செலவு என்று முதலிலேயே கேட்கட்டும். எனக்குச் சாப்பாட்டுக் காசு அப்பாதான் அனுப்புகிறார்.

கிளம்பும்போது பாட்டி பலாக்கொட்டை ஒரு பை கட்டிக் கொடுத்தாள். "பழம் செவக்கறப்ப வருவியா, இல்ல கேட்டுட்டுப் போனவங்க மாதிரியா?" என்றாள். ஜனவரிக்கு டிக்கெட் விலை பார்த்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

அடுத்த ஞாயிறு ஸ்கூல் லீவுதானே, காலை பஸ்ஸுக்கு வா. தட்டுவடை மட்டும் வாங்கி வா, செட்டு வேண்டாம். போன தடவை சட்னி பையெல்லாம் ஊற்றிவிட்டது. ஹீல்ஸ் போட்டு வராதே, அந்த ஏத்தத்தில் உன்னை நடக்க வைக்கப் போகிறேன்.

உன்,
கலா