மாப்பிள்ளை வீட்டாரும் கப்பல் அறையும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மச்சானுக்கு,

அன்றைக்கு போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், காற்று இரைச்சலில் உனக்கு அந்தப் பாதியும் கேட்டிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பிடித்து ரொம்ப நாளாகிவிட்டது, எழுத்து கோணிக்கொண்டு போனால் கண்டுகொள்ளாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்றதே, அதிலிருந்து வானம் கொஞ்சம் கறுத்தாலே போதும், இவள் அரிசி டின்னைப் பரணில் ஏற்றச் சொல்கிறாள். ஏற்றுவதும் நான், இறக்குவதும் நான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். தீபாவளி கழித்தும் அதையே சொல்கிறாரா பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கிற உன் மகள் உங்கள் இருவருக்கும் நாலு ராத்திரி கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். அதில் 'பிரையாரிட்டி' என்று ஒன்று இருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் கப்பலில் ஏறிய உடனே ரூமுக்குப் போய்விடலாம், கட்டலாமா வேண்டாமா? இதுதானே உன் கேள்வி? கப்பலில் ஒரே ஒரு தடவை போனவனிடம் கேட்கிறாயே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாதே தவிர, 'சீக்கிரம் ரூம் வேணும்' என்பதைப் பற்றி என்னை விட அதிகம் தெரிந்தவன் கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பான்?

மஞ்சக்குப்பம் லாட்ஜில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த நாட்களை நீயும் பார்த்திருக்கிறாய். முகூர்த்த மாதம் வந்தால் திருவந்திபுரத்தில் ஒரே நாளில் நூறு கல்யாணம்கூட நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி தங்குவதற்கு நம்மிடம்தான் வரும். பெண் வீட்டார் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னாலேயே அவர்களுடைய போன் வந்துவிடும். "வண்டி வந்து நின்ன உடனே ரூம் ரெடியா இருக்கணும் சார்." முந்தின ராத்திரி தங்கினவன் உள்ளே இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். நான் "ரெடியாயிட்டே இருக்கு சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே, மேஜைக்குக் கீழே கையை ஆட்டி ரூம் பையனை இரண்டாவது மாடிக்கு விரட்டுவேன். வாக்குக் கொடுப்பது நான், மூச்சு வாங்க ஓடுவது அவன். கப்பல் டிக்கெட்டில் 'முன்னுரிமை' என்ற வார்த்தையைப் பார்த்த உடனே எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பையன்தான்.

ஆனால் லாட்ஜுக்கும் கப்பலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்முடையது இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. ஒருவன் காலை ஆறு மணிக்குக் காலி செய்வான், இன்னொருவன் சாயங்காலம் கிளம்புவான். வேலை நாள் பூராவும் பரவியிருக்கும். கப்பலில் அப்படி இல்லை. விடிகாலையில் துறைமுகத்தில் கட்டுகிறார்கள். போன பயணத்துக்காரர்கள் ஒன்பதரை, பத்துக்குள் இறங்கியாக வேண்டும். பதினொன்று வாக்கில் அடுத்த பயணத்துக்காரர்கள் ஏற ஆரம்பித்துவிடுவார்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூம் ஒரே காலையில் காலியாகி, அதே மத்தியானம் அத்தனையும் நிரம்பவேண்டும். முகூர்த்த நாளில் நம்முடைய முப்பத்திரண்டு ரூமுக்கே எனக்கு நெஞ்சு படபடக்கும். அங்கே ஒரு ஆளுக்குப் பதினைந்து, இருபது ரூம். பழைய பெட்ஷீட்டை உருவிப் புதுசு போடணும், குளியலறையைக் கழுவணும், சேர்த்துப் போட்ட கட்டிலைச் சிலருக்குப் பிரித்துப் போடணும். அதனால்தான் மற்றவர்களை ஒன்று, ஒன்றரை மணிக்கு மேல்தான் ரூம் பக்கம் விடுகிறார்கள். அதுவரை வராந்தாவில் இருக்கிற தீத்தடுப்புக் கதவைச் சாத்தி, 'ரூம் இன்னும் தயாராகவில்லை' என்று அட்டை மாட்டியிருப்பார்கள். அட்டையைப் பார்த்த பிறகும் கதவைத் தள்ளிப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை மச்சான், உலகம் பூரா இருக்கிறார்கள்.

அந்தக் கதவைத் தாண்டி முன்கூட்டியே போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. 'சூட்' என்கிற பெரிய ரூம் எடுத்தவர்கள் ஒன்று. அதே நிறுவனத்தின் கப்பலில் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் இன்னொன்று. கார்னிவல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பல வருஷமாகக் கடலில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. 75 சேர்ந்தால் பிளாட்டினம், 200 சேர்ந்தால் டயமண்ட். அதாவது இருநூறு நாள் கப்பலிலேயே கழித்திருக்க வேண்டும்! 2026 ஜூனிலிருந்து அந்தக் கணக்கை, செலவழிக்கிற பணத்துக்கு என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். பழைய ஆட்களுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம். மூன்றாவது வகை உன்னைப் போலத் தனியாகக் காசு கட்டி வாங்குகிறவர்கள்.

எங்கள் பயணத்தில் மாப்பிள்ளை பெரிய ரூமாக எடுத்திருந்தார், முன்னுரிமை அதோடு சேர்ந்தே வந்தது. ஆக, வாழ்நாளில் முதல் தடவையாக நானும் மாப்பிள்ளை வீட்டார் ஆனேன். அங்கே சிங்கப்பூரில், மரீனா பே துறைமுகத்தில், ரெண்டு வரிசை. ஒன்றுக்கு மேலே பெரிதாக 'பிரையாரிட்டி' என்று பலகை, கீழே கம்பளம். இன்னொன்றில் பலகையும் இல்லை, கம்பளமும் இல்லை. எங்கள் கம்பள வரிசை வளைந்து வளைந்து தூண் வரைக்கும் போயிற்று. பக்கத்து வரிசையில் சம்பந்தி தம்பதி, சாதாரண டிக்கெட், முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான். எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எல்லோருக்கும் முன்னுரிமை என்றால் வேறு எப்படி இருக்கும், சொல்.

ஒரு வழியாக ஏறினோம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ரூம் தயார் என்று கப்பல்காரர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். போனோம். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ்காரர், நாற்பது வயது இருக்கும். தலையணையின் ஒரு முனையை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு, உறையை ரெண்டு கையாலும் பிரித்து, ஒரு உதறு உதறினார். தலையணை தானே உள்ளே போய் விழுந்தது. இத்தனை வருஷம் எத்தனை பையன்களுக்கு எப்படி எப்படியோ கற்றுக்கொடுத்தேன், இந்த ஒரு வித்தை எனக்கே தெரியாமல் போயிற்று! எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஸாரி சார், ஃபைவ் மினிட்ஸ்" என்றார். அந்த 'ஃபைவ் மினிட்ஸ்' எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நானே அதை விற்றிருக்கிறேன்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, மெத்தையின் அந்தப் பக்கம் போய் பெட்ஷீட் முனையைப் பிடித்துவிட்டாள். வீட்டில் ரெண்டு பேராக விரித்துப் பழகிய கை. அவர் பதறிப்போய் "நோ மேடம், நோ நோ" என்கிறார், இவளோ "இழுப்பா, இழுப்பா" என்று தமிழிலேயே சொல்கிறாள். மகளுக்கு மானம் போயிற்று. எனக்கென்னவோ பயணம் முழுவதிலும் பிடித்த காட்சி அதுதான்.

அப்புறம் அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன சாதித்தோம் என்று கேள். பெட்டியைத் துறைமுகத்திலேயே சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது வந்து சேர்ந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. லுங்கிகூட இல்லை. புதுப் பேண்ட் சட்டையோடு, செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, ஏசியில் மல்லாந்தேன். இவள் பயணக் களைப்பில் தூங்கிவிட்டாள். எழுந்து மேலே சாப்பிடப் போனபோது மூன்று மணி, தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். "ரூம் எப்படி, சீக்கிரம் கொடுத்துட்டாங்களா?" என்று விசாரித்தார். நல்ல மனுஷன், குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் குத்தியது.

ஆகவே என் கணக்குப்படி நீ காசு கட்ட வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்று செய். மகளை விட்டு, அந்த 'பிரையாரிட்டி'யில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படிக்கச் சொல். வரிசையில் முன்னால் விடுவது வேறு, ரூமுக்கு முன்னால் விடுவது வேறு. ஒரே பெயரில் ஒருவன் முதலாவதை விற்பான், இன்னொருவன் ரெண்டையும் சேர்த்து விற்பான், வேறொருவன் கைப்பையை ரூமில் வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வான்.

தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருப்பதுதான் எனக்கு ஒரே யோசனை. ஆனால் அதற்கும் முன்னுரிமைச் சீட்டு மருந்து இல்லை. சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், துறைமுகத்திலிருந்து கப்பலுக்குள் வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார். தங்கச்சி "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று கௌரவம் பார்க்கும். நீ பேசாமல் எழுதிக் கொடுத்துவிடு. உள்ளே போனதும் மேல் தளத்தில் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நிழலாக ஒரு சோபாவைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, நீ தட்டோடு போய் வா. ரூம் திறந்தாயிற்று என்று ஒலிபெருக்கியில் சொன்ன உடனே எழுந்து ஓடாதே. அந்த நேரம் லிஃப்டில் கூட்டம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ரெண்டு மணிக்கு மேல் மெதுவாகப் போங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, உன் லுங்கி, எல்லாம் கைப்பையில். பெட்டியை நம்பாதே.

இன்னொன்று, பாதுகாப்புப் பயிற்சி என்று கூப்பிடுவார்கள், ஆபத்து நேரத்தில் எங்கே வந்து கூடவேண்டும் என்று காட்டுவதற்கு. போகாமல் படுத்துவிடாதே, உன்னைத் தெரியும். முன்னெல்லாம் கப்பல் கிளம்பி ஒரு நாளைக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். அந்தக் கப்பலில் அன்றைக்குத்தான் ஏறியிருந்தவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எந்தக் கப்பலிலும் முன்னுரிமை கிடையாது.

போன வாரம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1952 புயலில் போன பழைய துறைமுகப் பாலத்தின் தூண்கள் தண்ணீரில் நிற்கின்றனவே, அங்கேதான். 2022-இல் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலுக்கு இங்கே அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். 2025 ஜூலையில் அனுமதி கொடுத்தார்கள். கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களைப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கப்பா பினாங்கு போனதும் அப்படித்தான், திசைதான் வேறு. நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் போய் ராஜூலா கப்பலில் ஏறினார். 1926-இல் கட்டிய கப்பல், மேல்தளத்தில் பாய் விரித்துக்கொண்டு போகிற டெக் டிக்கெட். ரூமாவது சாவியாவது! படகு கப்பலைத் தொட்ட உடனே முண்டியடித்து ஏறி, எஞ்சின் சூடு படாத, மழைச் சாரல் அடிக்காத இடமாகப் பார்த்துப் பாயைப் போட்டுவிடணும், டிரங்குப் பெட்டியெல்லாம் பிறகுதான் என்பார். ஒரு தடவை தாமதமாக ஏறி, ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததை எழுபது வயதிலும் சொல்லிச் சொல்லிப் பொருமுவார்.

உங்கள் கப்பலும் பினாங்கில் நிற்கும் என்றாயே. கரையில் இறங்கினால் ஜாதிக்காய்த் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கி வா. ஒன்று தங்கச்சி முட்டிக்கு, ஒன்று என் முட்டிக்கு. அரிசி டின் ஏற்றி இறக்கி அதுவும் கெட்டுப்போயிற்று.

உன்,
பழைய கல்லாக்காரன்