‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று எழுதிவைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடுதி நடத்துபவர்களுக்கும், அறைப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும், வரவேற்பு மேசையில் சாவியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் சுக்கு என்று ஒரு நாய் இருக்கிறாள். 12 வயது ஆகப்போகிறது. குட்டியாக வந்தபோது நிறமும் சுருக்கமும் ஒரு சுக்குத் துண்டு மாதிரியே இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நானும் என் கணவரும் அவளை விட்டுவிட்டு வெளியூர் போனது இரண்டே தடவைதான். மற்றபடி மலையோ கடலோ காடோ, எங்கே போனாலும் பின்சீட்டில் அவளும் இருப்பாள். அப்படி உங்களில் பல பேருடைய வாசலில் நாங்கள் மூன்று பேரும் வந்து நின்றிருக்கிறோம். அந்த அனுபவத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். நாயை உள்ளே விடுவதாக இருந்தால், எதுவரை விடுவீர்கள் என்பதை நாங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் விட்டதன் விலையை ஒருநாள் நேரில் பார்த்துவிட்டேன்.

சுக்குவுக்கு அப்போது 4 வயது. மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தோம். ‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். மனசு கேட்காமல் போன் பண்ணியும் கேட்டேன். “தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம்” என்றார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி 7 மணி நேரம் வண்டி ஓட்டி, உச்சி வெயிலில் போய் இறங்கினோம். கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டின பிறகு வரவேற்பில் இருந்த தம்பி சொன்னார்: “நாய் காம்பவுண்டுக்குள்ள வரலாம் மேடம். ரூமுக்குள்ள விடமாட்டோம். எல்லாரும் கார்லதான் விட்டுட்டுப் போவாங்க. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாப் போதும்.”

அவரிடம் எந்தக் கடுமையும் இல்லை. அது போதும் என்று உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது, ஏனென்றால் அது போதவே போதாது.

வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு எப்படி ஏறுகிறது என்று அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. வெளியே 22 டிகிரி செல்சியஸ் இருந்த இதமான நாளிலும் அளந்தார்கள், 35 டிகிரி இருந்த நாளிலும் அளந்தார்கள். எந்த நாளானாலும், ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெளியே இருப்பதைவிடச் சராசரியாக 22 டிகிரி கூடிவிட்டது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிற நேரம்தானே என்று நாம் நினைக்கிற அந்த நேரத்துக்குள் முக்கால்வாசி ஆபத்து வந்து முடிந்துவிடுகிறது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டை அது வெளியே தள்ளியாக வேண்டும். உள்ளே இழுக்கிற காற்றே கொதித்தால் எவ்வளவு இளைத்தும் பயனில்லை. நாயின் இயல்பான உடல் சூடு 38 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேலே வரைக்கும் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுக்குழல் அமைப்பே இடைஞ்சல் என்பதால் நிலைமை இன்னும் சீக்கிரம் கைமீறிவிடும்.

அன்றைக்கு நாங்கள் அவளைக் காரில் விடவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. அதன் அடியில் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒருவர் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வரும்வரை இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது. நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். சுக்கு படுக்கவே இல்லை. இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி என்று நடந்துகொண்டே இருந்தாள். சிமெண்டுத் தரையில் அவள் கால் வைத்த இடமெல்லாம் பூ மாதிரி ஒரு ஈரத்தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும், பக்கத்திலேயே இன்னொன்று விழும். நிழலில் இருந்தவளுக்கே அப்படி. பூட்டிய காரில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

நாலு மணிக்குப் பணத்தைப் பற்றிப் பேசாமல் கிளம்பிவிட்டோம்.

வருகிற வழியில் சாலையோரமாக ஒரு சின்ன விடுதி. வெளியே நாயைப் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன். மேசையில் இருந்த வயசான அம்மா எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, சுக்குவைத்தான் பார்த்தார். “முதல்ல அதுக்குத் தண்ணி வைங்கம்மா” என்று ஒரு ஈயக் கிண்ணத்தை நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை வேறு பேச்சே இல்லை. அப்புறம் ஒரு அரைத்தாளை எடுத்துக் கொடுத்தார். கையால் எழுதி நகல் எடுத்தது. கீழ்த்தளத்தில் கடைசி இரண்டு அறைகள் மட்டும்தான் நாய்க்கு. சாப்பிடும் கூடத்துக்குள் வரக்கூடாது, வெளித் திண்ணையில் வரலாம். கட்டிலில் ஏறினால் உங்கள் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கழிவை அள்ளிப் போடக் கிணற்றுப் பக்கம் மூடி போட்ட தொட்டி இருக்கிறது. அறையில் தனியாக விட்டுப் போகக்கூடாது. சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் இவ்வளவு. கடைசியில் பக்கத்துக் கால்நடை மருத்துவரின் போன் நம்பர்.

நான் படித்ததிலேயே மரியாதையான காகிதம் அதுதான். அதில் ‘கூடாது’ என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. ஒன்றுகூட எனக்கு உறுத்தவில்லை. எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தக்கபடி நாங்கள் நடந்துகொள்வோம். அந்தத் தாளை மடித்துக் காரின் டேஷ்போர்டில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. விரிப்பெல்லாம் ரோமத்தோடு விட்டுப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு “ஒண்ணும் பண்ணாது” என்று சிரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு விடுதியில் தரை துடைக்க வந்த பையன் சுக்குவைப் பார்த்ததும் துடைப்பானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். சின்ன வயசில் கடி வாங்கியவனாம். சுக்கு வாலைத்தான் ஆட்டினாள், ஆனால் அவன் பயம் நிஜமான பயம். அதன் பிறகு எங்கே போனாலும், அறையைச் சுத்தம் செய்ய யார் வருவார்கள், நாயென்றால் அவர்களுக்குப் பயமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் அவளை வெளியே கூட்டிப்போய்விடுகிறேன். இதே மாதிரிதான் ஒவ்வாமையும். அதைக் கிளப்பும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் செதிலிலும் இருக்கின்றன. நாய் போன பிறகும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் அவை தங்கும். அதனால் நாய்க்கென்று சில அறைகளைத் தனியாக ஒதுக்குவது நியாயம். கட்டணம் வாங்குவதும் நியாயம். அதையும் முன்பே எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதிமுறையில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘10 கிலோவுக்குள் இருக்கும் நாய்களுக்கு மட்டும்’ என்று பல பேர் வைத்திருக்கிறீர்கள். எடையைப் பார்த்து நாயின் குணத்தைக் கணிக்க முடியாது. பந்தயத்தில் மின்னலாக ஓடுகிற கிரேஹவுண்ட் 30 கிலோ இருக்கும். வீட்டுக்குள் வந்தால் நாளின் பெரும்பகுதி தூங்கும். 6 கிலோ டெரியர் ஒன்று, தாழ்வாரத்தில் போகிற ஒவ்வொரு காலடிக்கும் குரைத்துத் தீர்க்கலாம். எடைக்குப் பதிலாக நாலு கேள்வி கேளுங்களேன். தடுப்பூசிச் சான்று கையில் இருக்கிறதா? இதற்கு முன்னால் வெளியிடத்தில் தங்கிய பழக்கம் உண்டா? தனியாக இருந்தால் குரைக்குமா? கூண்டில் தூங்குமா? பதில் சொல்லத் தடுமாறுகிறவர்களைத் தாராளமாக மறுத்துவிடுங்கள்.

குரைப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத அறையில் நாய் குரைப்பதைக் குறும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உலகம் வாசனையால் ஆனது. புது அறையில் தெரிந்த வாசனை எதுவும் இல்லாமல், கூட வந்தவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால், அது கூப்பிடத்தான் செய்யும். அதனால்தான் சுக்குவின் பழைய போர்வையைத் துவைக்காமல் எடுத்துப் போகிறோம். அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் விரிப்போம். மூலை மூலையாக மோந்து ஒரு சுற்று முடித்துவிட்டு, அதில் சுருண்டு படுத்து ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு வந்த பிறகுதான் நாங்களே செருப்பைக் கழற்றுவோம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்காக அவளையும் கூட்டிக்கொண்டு அலைகிறீர்கள், வீட்டில் விட்டு வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் பயணத்தில் நானே அப்படி நினைத்தேன். 8 மாதக் குட்டி, வழியெல்லாம் எச்சில் வடித்து மூன்று தடவை வாந்தி எடுத்தாள். குட்டிகளுக்கு உட்காதின் சமநிலை உறுப்பு முழுசாக வளர்ந்திருக்காது, போகப் போகச் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, முதலில் தெருமுனை, அப்புறம் பூங்கா, அப்புறம் அடுத்த ஊர் என்று பழக்கினோம். ஒரு வயது தாண்டியதும் நின்றுவிட்டது. முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியாகக் குரைத்தாள். அலை பின்வாங்கியபோதெல்லாம் தான்தான் விரட்டிவிட்டதாக எங்களைத் திரும்பிப் பார்த்தாள். காட்டோரத் தங்குமிடத்தில் ஒரு ராத்திரி, கதவைத் திறக்கவிடாமல் குறுக்கே நின்று உறுமினாள். காலையில் பார்த்தால் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிப்போட்டிருந்தது. இதெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது அவள் கூட வந்ததால்தான்.

நாயோடு ஊர் சுற்றுவது இப்போது வந்த மோகமும் இல்லை. 1903-ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்கிற மருத்துவரும் சூவல் க்ராக்கர் என்கிற மெக்கானிக்கும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 63 நாளில் கார் ஓட்டிப் போனார்கள். காரில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் பயணம் அது. வழியில் ஐடஹோவில் பட் என்று ஒரு நாயைச் சேர்த்துக்கொண்டார்கள். மேல்மூடி இல்லாத கார், கண்ணைக் கரிக்கும் உப்புமண் புழுதி. பட்டின் கண் எரிகிறது என்று தெரிந்ததும், தாங்கள் போட்டிருந்த மாதிரியே அவனுக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அந்தக் காரும் கண்ணாடியும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒழுங்கான சாலைகூட இல்லாத காலத்தில், கூட வருகிறவனின் கண்ணைப் பற்றி யோசிக்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

விதிமுறை எழுதுவது பெரிய வேலை என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பிரிட்டன் பல பத்தாண்டுகளாக, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை 6 மாதம் தனிமைப்படுத்தி வைத்தது. 2000-ல் அதைத் தளர்த்தி, குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு நிபந்தனைகளை வரையறுத்து எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்றைக்கு ஒரு நாடு விட்டு இன்னொரு நாட்டுக்கு நாயைக் கூட்டிப்போகப் பொதுவாக என்ன வேண்டும் என்பது யாருக்கும் புரியும்: 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப், 12 வாரமாவது ஆன பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசி, முதல் ஊசி என்றால் அதன் பிறகு 21 நாள் காத்திருப்பு, எல்லாம் பதிந்த ஒரு பாஸ்போர்ட். வெறிநோய் மாதிரி உயிர்க்கொல்லி நோய்க்கு எதிரான எல்லைக் காவலையே இப்படி நாலு வரியில் சொல்ல முடிகிறது. ஒரு விடுதியின் அறைக்கதவுக்கு ஓர் அரைத்தாள் போதாதா?

சுக்குவுக்கு இப்போது பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. வலது கண்ணில் லேசாகப் பால் படர்ந்திருக்கிறது. ஆனாலும் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினால் போதும், திறந்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். துணியை அவளைச் சுற்றித்தான் அடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடியும் கடற்கரைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அவளால் படி ஏற முடியாது. எடை 18 கிலோ. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறது, ராத்திரியில் குரைக்க மாட்டாள், தனியாக விட்டுப் போக மாட்டோம். உங்களிடம் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா? அறைக்குள் அவளை விடுவீர்களா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், வருத்தப்பட மாட்டேன். பெட்டியை இன்னும் இறக்கவில்லை.

இப்படிக்கு,
சுக்குவின் வீட்டுக்காரி