‘ராப் டெக்ஸ்ட்’ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்செல் விரிதாளின் கட்டத்தில் நீண்ட வாசகம் முழுமையாகத் தெரியவில்லை என்று கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, வாசகத்தைக் கட்டத்துக்குள்ளேயே மடித்துப் பல வரிகளாகக் காட்டும் ‘ராப் டெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் பதில் வெளியாகியிருந்தது. பதில் தவறன்று. ஆனால் அந்தப் பொத்தானை ஏற்கெனவே அழுத்திப் பார்த்தும் பயன் காணாதவர்கள்தாம் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள் என்பதால், அதற்கு மேலும் சில செய்திகளைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எக்செல் கட்டம் ஒன்று 32,767 எழுத்துக்குறிகள் வரை கொள்ளும். கட்டத்தைச் சொடுக்கிவிட்டு மேலே, கட்டத்தில் உள்ளதைக் காட்டும் நீள்பட்டையான ஃபார்முலா பாரைப் பார்த்தால் வாசகம் முழுவதும் அப்படியே இருக்கும், எதுவும் அழிந்துபோவதில்லை. வலப்பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் வாசகம் அதன் மேலும் நீண்டு தெரியும். அதில் ஏதேனும் இருந்தால் எல்லைக்கோட்டிலேயே வெட்டுப்படும். பார்வைக்குக் காலியாகத் தோன்றும் கட்டத்தில் யாரோ தட்டிவிட்ட ஓர் இடைவெளி இருந்தாலும், வெற்று விடை தரும் ஃபார்முலா இருந்தாலும் இதே கதிதான்.

இதில் என்னை உறுத்துவது, வெட்டுப்பட்டிருப்பதற்கான அடையாளம் எதையும் எக்செல் காட்டாததுதான். எண்ணோ தேதியோ கட்டத்தில் அடங்காவிட்டால் ##### என்று வரிசையாகக் குறிகள் தோன்றி நம்மை எச்சரிக்கும்; வாசகத்துக்கு அந்த மரியாதை இல்லை. லிப்ரே ஆஃபிஸ் கால்க் மென்பொருளில் கட்டத்தின் ஓரத்தில் சிறு சிவப்பு முக்கோணம் தோன்றி, இன்னும் வாசகம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வினைமுற்றும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில் வரும் தமிழுக்கு இப்படியொரு அடையாளம் மிகவும் தேவை. குறிப்புப் பத்தியில் ‘தொகையை உடனே வழங்கலாம் என்பதற்கில்லை’ என்று ஒருவர் எழுதியிருக்க, ‘வழங்கலாம்’ என்பதோடு கட்டம் முடிந்துவிட்டால், அச்சிட்ட தாளைப் படிப்பவருக்கு நேரெதிரான பொருள் அல்லவா போய்ச் சேரும்?

‘ராப் டெக்ஸ்ட்’ ஏன் சில வேளைகளில் பலிப்பதில்லை என்பதற்கு வருகிறேன். வரிசையின் உயரத்தை யாராவது கையால் இழுத்தோ எண் கொடுத்தோ நிலைப்படுத்தியிருந்தால், வாசகம் மடிந்து அடுத்த வரிக்குப் போகுமே தவிர வரிசை தானாக உயராது. முதல் வரி மட்டுமோ கடைசி வரி மட்டுமோ கண்ணில் படும். இடப்பக்கத்து வரிசை எண்ணின் கீழ்க்கோட்டில் இருமுறை சொடுக்கினால் உயரம் சரியாகிவிடும். ‘ஹோம்’ பட்டியில் ‘ஃபார்மேட்’ என்பதன் கீழுள்ள ‘ஆட்டோஃபிட் ரோ ஹைட்’ கட்டளையும் இதையே செய்யும்.

இந்த வைத்தியம் பலிக்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் ‘மெர்ஜ்’ செய்து இணைத்த கட்டங்கள். இணைத்த கட்டத்தில் உள்ள வாசகத்துக்கேற்ப வரிசையின் உயரத்தை எக்செல் தானாகக் கணக்கிடுவதே இல்லை. படிவம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான்கைந்து கட்டங்களை ஒன்றாக்கி அதில் பத்தி பத்தியாக எழுதச் சொல்பவர்கள், அதை நிரப்புபவர்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கிறார்கள் என்பதை உணர்வதாகத் தெரியவில்லை. தலைப்பை நடுவில் நிறுத்துவதுதான் நோக்கம் என்றால், ‘ஃபார்மேட் செல்ஸ்’ பெட்டியின் ‘அலைன்மென்ட்’ பகுதியில் உள்ள ‘சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்’ போதும், இணைக்கவே வேண்டாம். ஏற்கெனவே இணைத்த படிவத்தை மாற்ற முடியாத நிலையில் இருப்பவர்கள், அச்சுப் பரப்புக்கு வெளியே ஒரு நெடுவரிசையை இணைத்த கட்டத்தின் மொத்த அகலத்துக்குச் சமமாக வைத்து, அதே வரிசையில் அந்த வாசகத்தை, சமக்குறியும் (=) இணைத்த கட்டத்தின் பெயரும் கொண்ட ஃபார்முலாவால் வரவழைத்து, அதற்கு ‘ராப் டெக்ஸ்ட்’ கொடுத்து ஆட்டோஃபிட் செய்தால், வரிசை அதைப் பார்த்து உயர்ந்துகொள்ளும். சுற்றுவழிதான், ஆனாலும் வேலை நடக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. எக்செல் வரிசையின் உயரம் 409 புள்ளிகளுக்கு (எழுத்தின் அளவைக் குறிக்கும் ‘பாயின்ட்’ அலகு) மேல் போகாது. ஒரு வரிக்கு 15 புள்ளிகள் என்று கொண்டால் 27 வரிகளுக்கு மேல் காட்ட இயலாது. அதைவிட நீளமான வாசகத்துக்கு நெடுவரிசையை அகலப்படுத்தலாம். அதுவும் பற்றாவிட்டால் வாசகத்தைப் பிரித்துப் பல வரிசைகளில் இட வேண்டும். பத்திகளாக நீளும் விளக்கங்களை வேர்டு ஆவணத்தில் எழுதிவிட்டு விரிதாளில் அதன் எண்ணை மட்டும் குறிப்பதே நல்லது என்பேன். இதை ஒப்பாதவர்களும் இருப்பார்கள்.

வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் ##### தோன்றினால், கட்டம் ‘டெக்ஸ்ட்’ வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் அந்த வடிவத்தில் 255 எழுத்துக்குறிகளைத் தாண்டிய வாசகம் இப்படி மாறிவிடும். ‘ஜெனரல்’ என்று மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

திரையில் சரியாகத் தெரிந்த கடைசி வரி, அச்சில் பாதி வெட்டுப்பட்டு வருவதும் உண்டு. திரைக்கும் அச்சுக்கும் எழுத்தின் அளவு இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை. மேலே புள்ளியும் கீழே சுழியும் கொண்ட தமிழ் எழுத்துகளில் இது உடனே கண்ணில் படும். ஆட்டோஃபிட் செய்த பிறகு வரிசையின் உயரத்தைச் சற்றுக் கூட்டிவிட்டு, அச்சு முன்னோட்டத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்ட வாசகரின் கோப்பில் இணைத்த கட்டங்கள் இருந்தனவா என்பதைத் தங்கள் கணினிப் பகுதியினர் அவரிடம் கேட்டறிந்து, அதற்கேற்ற பதிலை இன்னொரு முறை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்